சமதரையில் நிறுத்தவும்

என் காருக்கு நடந்தது வேறு எந்தக் காருக்கும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் நாகலூருக்கு வந்து என் மனைவி பார்வதியிடம் கேட்டுக்கொள்ளலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அவள் சொல்வாள். ஆனாலும் கேட்கலாம்.

கார் என் மகன் லோகேஷ் கொடுத்தது. ஓசூரில் புதிய வண்டி வாங்கியதும் பழையதை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனான். கியர் மாற்ற வேண்டாம், ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம். நிறுத்திவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து எத்தனையோ ஆட்களை மேய்த்தவன் நான். நில் என்றால் நின்றது இந்த வண்டி ஒன்றுதான்.

அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். ஐப்பசியில் ஒரு காலை, கம்பெனியிலிருந்து செல்போனுக்குச் செய்தி வந்தது. இந்த மாடல் வண்டிகளில் நிறுத்தும் பிரேக் தானாக விட்டுவிடக்கூடும். பாகத்தை இலவசமாக மாற்றித் தருகிறோம். பாகம் வந்ததும் அழைக்கிறோம். அதுவரை வண்டியைச் சமதரையில் நிறுத்தவும்.

படித்து முடித்து நிமிர்ந்தபோது வாசலில் வண்டி இல்லை.

எங்கள் ஊரில் எதைத் தொலைத்தாலும் கீழ்நோக்கித்தான் தேட வேண்டும். இறங்கினேன். சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல் வழியில் கிடந்தது. வண்டி வளைவில் ஒழுங்காகத் திரும்பி, ஐயாக்கண்ணு டீக்கடையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தில் மண்மேட்டில் மூக்கை வைத்து நின்றிருந்தது. பின்சீட்டில் இரண்டு பெண்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"டிரைவரு நீங்கதானுங்களா?" என்றாள் ஒருத்தி. "ஏற்காட்டுக்குத்தானுங்க போவுது? நொம்ப நேரமா உக்காந்திருக்கறமுங்க."

"ஆள் இல்லாம வந்த வண்டில எப்படிம்மா ஏறுனீங்க?"

"கை காட்டுனமுங்க, நின்னுச்சு."

கொண்டுபோய் விட்டேன். வேறென்ன செய்வது. ஏற்காட்டில் ஏரிக்கரையோரம் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்தபடி, சேலத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். நந்தினி என்ற பெண் எடுத்தாள். பணிவான பெண். கடைசிவரை பணிவாகவே இருந்தாள், அதுதான் அவளிடம் இருந்த கஷ்டம்.

"வண்டிய ஓட்டறதுல ஒரு பிரச்சனையும் இல்லைங்க சார். நிறுத்தறதுலதான் பிரச்சனை."

"அப்ப பார்ட்டு வர்ற வரைக்கும் ஓட்டிக்கிட்டே இருக்கட்டுங்களா கண்ணு?"

அவள் ஏதோ தாளைப் புரட்டினாள். "லெவல் கிரவுண்ட்ல நிறுத்துங்க சார்."

"உங்ககிட்டயே கொண்டாந்து உட்டுர்றனே."

"இங்க இடம் இல்லைங்க சார். உங்கள மாதிரி நெறைய பேரு வண்டிய விட்டுட்டுப் போயிட்டாங்க. பார்ட் ஆன் த வே சார்."

"எதுல வருது?"

"கப்பல்ல சார்."

நாகலூர்ப் பக்கம் சமதரை என்று சொல்லத்தக்கவை மூன்று. மாதா கோயிலின் உள்தரை, ஏற்காட்டு ஏரியின் தண்ணீர், ஆண்டனி ராஜின் காப்பிக் களம். முதலாவதற்கு ஃபாதர் ஒப்பவில்லை. இரண்டாவதை நான் கேட்கவில்லை.

ஆண்டனி ராஜ் பக்கத்துக் காப்பித் தோட்டத்துக்குச் சொந்தக்காரன். என்னைவிட இளையவன். பறித்த காப்பிப் பழத்தைக் காயப்போட அவன் தாத்தா போட்ட சிமெண்டுத் தரைதான் அந்தக் களம். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சுவர்.

"தாராளமா நிறுத்துங்கண்ணா. சமதரைன்னா எங்க களந்தானுங்களே. பறிப்புக்கு முந்தி எடுத்துருவீங்கல்ல?"

"அதுக்குள்ள கப்பல் வந்துரும்" என்றேன்.

வாடகைக்குப் பதிலாக, ஞாயிற்றுக்கிழமை அவன் குடும்பத்தோடு பூசைக்குப் போயிருக்கிற நேரத்தில் களத்துக்கு நான் காவல் இருப்பது என்று பேசிக்கொண்டோம். குரங்குத் தொந்தரவு உண்டு.

வண்டி நிற்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள் நந்தினி. அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சார், இது சரிவா இருக்குதுங்களே."

ஆண்டனிக்கு முகம் கறுத்துவிட்டது. அவன் தாத்தா கை வைத்த தரை. "கீழ இருக்கற புள்ளைக்கு மேடு பள்ளம் என்னத்தத் தெரியும்?" என்று வீட்டுக்குள் போய் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துவந்து களத்தின் நடுவில் வைத்தான். ஆரஞ்சு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு புறப்பட்டுப் போய்க் கீழ்ச்சுவரில் முட்டி நின்றது.

"இந்தப் பழம் சரியில்லீங்கண்ணா. நொம்ப உருண்டையா இருக்குது."

இன்னொன்று வைத்தான். அதுவும் முதல் பழத்தின் பக்கத்தில் போய் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பார்வதி சொன்னாள்: "மழத்தண்ணி வடியறதுக்கு அவங்க தாத்தா சரிவாத்தான போட்டிருப்பாரு. ரெண்டு ஆம்பளைங்க, ரெண்டு ஆரஞ்சு."

அவள் சொன்னது சரிதான். பிறந்ததிலிருந்து சரிவிலேயே நடந்தவர்கள் நாங்கள். டம்ளர் வைத்தால் கவிழாத இடமெல்லாம் எங்களுக்குச் சமதரை. இத்தனை வருஷமாக அந்தக் களத்தில் தண்ணீர் தேங்காததற்குத் தாத்தாவின் கைராசிதான் காரணம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனாலும் அதைவிடச் சமமான இடம் வேறு இல்லை. களத்தின் மேல்பக்கத்தில், மூக்கு கீழ்நோக்கி இருக்க, சக்கரங்களுக்கு முன்னால் நல்ல கருங்கல்லாகப் பார்த்து வைத்து வண்டியை நிறுத்தினோம்.

கப்பல் வந்தது. பாகம் துறைமுகத்தில் இருக்கிறது என்றாள் நந்தினி. அப்புறம் சென்னைக் கிடங்கில் இருக்கிறது என்றாள். அப்புறம் சேலத்துக்கே வந்துவிட்டது, ஆனால் பெட்டியைத் திறந்தால் வேறு மாடலுக்கு உள்ளது என்றாள். கார் வைத்திருக்கிற நாங்கள் பஸ்ஸில் ஏறி ஏற்காட்டுக்குப் போய்வந்தோம். "உங்க காரு எப்படிங்க இருக்குது?" என்று கண்டக்டர் விசாரிப்பார், உடம்பு சரியில்லாதவரை விசாரிப்பது போல.

கார்த்திகையில் பழம் சிவந்துவிட்டது. பறிப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆண்டனி களத்தின் ஓரத்தில் நின்று வண்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணா, போன வருசம் காயற நேரத்துல மழ புடிச்சுது. முக்காவாசி பூசணம். வியாபாரி மோந்து பாத்துட்டுக் கைய ஒதறிட்டான். இந்த வருசமும் அப்படி ஆச்சுன்னா என்னால தாக்குப் புடிக்க முடியாதுங்க. சேலத்து லாட்ஜ்காரரு தோட்டத்தக் கேட்டுக்கிட்டே இருக்கறாரு. களத்தோட வேணுங்கறாரு."

"களம் அவருக்கு எதுக்கு?"

"காரு நிறுத்தறதுக்கு."

வண்டியை எடுத்துவிடலாம்தான். எடுத்து எங்கே விடுவது? வீட்டு வாசலில் விட்டால் மறுபடியும் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். ஆண்டனி நல்லவன், இருக்கட்டும் என்றான். வண்டியின் இரண்டு பக்கமும் பழத்தைப் பரப்பினார்கள்.

இதில் ஒரு சிக்கல். பழத்தைக் கிளறிவிடுகிற பெண்கள் சக்கரத்துக் கல்லை எடுத்துப் பெருக்கிவிட்டு மறுபடி வைப்பார்கள். எடுத்த இடத்தில் வைப்பதில்லை, ஒரு சாண் கீழே வைப்பார்கள். பிரேக் லேசாக நழுவி, வண்டி அந்தச் சாணைப் போய் எட்டிப்பிடித்துவிடும். தினமும் இப்படி இறங்கி இறங்கி, பழத்தை நசுக்க ஆரம்பித்தது. அதனால் களத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரைக்கும் வண்டி அகலத்துக்கு ஒரு பாதையும், கீழ்ச்சுவரையொட்டி வண்டி நீளத்துக்கு இடமும் விட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை நான் ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்து மேலே கொண்டுபோய் நிறுத்துவேன். வாழவந்தியிலிருந்து வேலைக்கு வரும் மரியபுஷ்பம், "ரைட்டரய்யா, உங்க காரு சேலத்துக்குப் பொறப்பட்டுருச்சு, நடந்தே போயிரும்போல" என்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பியை மூடுகிற தார்பாயின் முன்விளிம்பை ஒரு நீள மூங்கிலில் கட்டி, களத்தின் மேல்பக்கத்தில் சுருட்டி வைத்திருப்பார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் களம் முழுக்க மூடிவிடும். ஒருநாள் அடித்த காற்றில் அந்தத் தார்பாய் மூங்கிலோடு பறந்து போய்விட்டது. வாழவந்தியில் ஒருவர் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார். மாடு சம்மதித்த பிறகுதான் திருப்பித் தந்தார். அதிலிருந்து ஆண்டனி மூங்கிலின் நடுவில் ஒரு கயிறு போட்டு, என் வண்டியின் பின்பக்கக் கொக்கியில் கட்டிவைத்தான்.

"நிக்கற வண்டி, சும்மாதான நிக்குது" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. பழமெல்லாம் காய்ந்து, குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிற பதம். மறுநாள் மூட்டை பிடிக்க வேண்டியது. ஆண்டனி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். காற்று லேசாக இருந்தது. தார்பாயின் மேல்விளிம்பு படபடத்தது. பக்கத்தில் எதைப் பாரமாக வைக்கலாம் என்று பார்த்தான். என் சக்கரத்துக் கற்கள்தான் கைக்கு எட்டின. எடுத்து விளிம்பின்மேல் வைத்துவிட்டு, "வர்றனுங்கண்ணா" என்று போய்விட்டான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குரங்குகளை முறைத்துக்கொண்டிருந்தேன். கற்களை அவன் எடுத்ததை நான் கவனிக்கவில்லை.

முதலில் மூடுபனி ஏறியது. அது தினமும் வருவது. பிறகு கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பள்ளத்தின் அந்தப் பக்கம் சில்வர் ஓக் மரங்களின்மேல் மழை இரைந்துகொண்டு வருவது காதில் கேட்டது.

எழுந்து ஓடி மூங்கிலைப் பிடித்து இழுத்தேன். ஒரு ஆள் இழுத்தால் மூங்கில் ஒரு பக்கம்தான் வரும். மறுபக்கத்துக்கு ஓடினால் முதல் பக்கம் பின்னால் போகிறது. "பார்வதி" என்று கத்தினேன். அவள் வீட்டுக்குள் குக்கர் விசில் சத்தத்தில் இருந்தாள். ஆண்டனியின் ஒரு வருஷம் அங்கே தரையில் பரந்து கிடந்தது. என் கண்ணுக்கு லாட்ஜின் பெயர்ப்பலகைகூடத் தெரிந்தது.

அப்போது வண்டிக்குள்ளிருந்து டக் என்று ஒரு சத்தம் வந்தது.

பிரேக் விட்டுவிட்டது. கம்பெனி செய்தியில் சொல்லியிருந்தபடியே விட்டுவிட்டது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டி தனக்காக விட்ட பாதையில் இறங்கியது. அவசரம் ஒன்றும் இல்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்த பெரியவர் தாம்பூலப் பை வாங்கப் போவது போலப் போனது. பின்னால் கயிறு விறைத்தது, மூங்கில் எழுந்தது, தார்பாய் உருண்டு பிரிந்து இரண்டு பக்கமும் சமமாகக் காப்பியின்மேல் படர்ந்துகொண்டே வந்தது. ஆள் இழுத்தால்கூட அத்தனை நேராக வராது. மேலே ஆண்டனி வைத்த கற்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. வண்டி கீழ்ச்சுவரை மெதுவாகத் தொட்டு, அங்கே காய்ந்துபோய்க் கிடந்த இரண்டு ஆரஞ்சுகளின் பக்கத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் மழை கொட்டியது. தாத்தாவின் சரிவில் தண்ணீர் வடிந்து ஓடியது. தென்மூலையில் மட்டும் ஒரு முழம் போதவில்லை. அந்த அளவு நனைந்தது, அதை நான் மறைக்கவில்லை.

பார்வதி சொல்வது வேறு. அவள் குக்கரை இறக்கிவிட்டு ஓடிவந்தாளாம், மூங்கிலின் மறுமுனையைப் பிடித்தாளாம், கயிற்றை அவிழ்த்துவிட்டு இரண்டு பேரும்தான் இழுத்தோமாம்.

"அப்படின்னா வண்டி எப்படி கீழ போச்சு?"

"அது போற வண்டிதானுங்களே. போச்சு."

பூசையைப் பாதியில் விட்டு ஆண்டனி ஓடிவந்தான். வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தார்பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். காதருகே வைத்துக் குலுக்கினான். கலகலத்தது. நான் அவனிடம் நடந்ததைச் சொன்னேன். பார்வதியும் நடந்ததைச் சொன்னாள். அவன் இரண்டையும் கேட்டுவிட்டு வண்டியிடம் போய், பானெட்டில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டான்.

மறுநாள் மழை விடவில்லை. மூட்டை பிடிக்க முடியாது. பின்தோட்டத்தில் இன்னும் இரண்டாவது பறிப்பு பாக்கி. தார்பாய்க்குக் கீழே காப்பி பத்திரமாக இருந்தது. மழை விட்டு, தார்பாயைச் சுருட்டி மூட்டை பிடித்ததும் நான் வண்டியைப் பின்னால் எடுத்து மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். ஆண்டனியே புதிதாகக் கல் தேடிக் கொண்டுவந்து வைத்தான். கயிற்றையும் அவனேதான் கட்டினான், முன்பைவிடக் கெட்டியாக.

அடுத்த வாரம் வெயில் அடித்தபோது நந்தினி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சார், பார்ட் வந்துருச்சு சார். சரியான மாடல்தான், நானே பாத்துட்டேன். நாளைக்கே வண்டியக் கொண்டாங்க."

ஆண்டனி பக்கத்தில்தான் இருந்தான். போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"ஏனுங்க அம்மிணி, பறிப்பு முடியாம வண்டி வராதுங்க. அந்த பார்ட்ட அவசரப்படறவங்க யாருக்காச்சும் குடுத்துருங்க."

"சார், இது சேஃப்டி விஷயம் சார். நீங்கதான டெய்லி போன் பண்ணுனீங்க?"

"நானில்லீங்க, அவரு."

போன் என்னிடம் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனால் ஆண்டனியின் இரண்டாவது பறிப்பு அப்போதுதான் களத்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே வேறு கறுத்திருந்தது.

"எப்ப சார் வருவீங்க? நான் என்னன்னு எழுதிக்கட்டும்?"

"வண்டி ஆன் த வே கண்ணு."

"அப்படிங்களா. எங்க சார் வந்துக்கிட்டிருக்கு?"

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. களத்தைப் பார்த்தேன். மரியபுஷ்பம் பெருக்கி முடித்துக் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு சாண் வந்திருக்குது" என்றேன்.