ஈயம் குறைந்த படகு

கணினித் திரையில் இருந்த ஒரே ஒரு எண்ணைப் பார்த்து ஹாதியாவுக்கு ரத்தம் கொதித்தது. முப்பத்தேழு.

கொச்சியில் கப்பல் வடிவமைப்புப் படித்தவள் அவள். ஒரு பெண்ணைக் கப்பல் கட்டும் யார்டுக்கு அனுப்ப முடியாது என்று போன இடமெல்லாம் கைவிரித்ததால் சிவகாசிக்கே திரும்பி, காளிராஜின் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாசு லேபிள்களுக்கு நடுவே ஒரு பாய்மரப் படகுக் கம்பெனியின் விளம்பரப் புத்தகம் வந்திருந்தது. போன வருடமும் அதைத் திருத்தியவள் அவள்தான்.

காற்றில் சாயும் படகை நிமிர்த்துவது அடியில் தொங்கும் ஈயம். மொத்த எடையில் அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். போன வருடம் மூன்று டன் படகில் ஆயிரத்து நூறு கிலோ ஈயம், முப்பத்தேழு சரி. இப்போது படகு இரண்டரை டன், ஈயம் அறுநூறு கிலோ. இருபத்து நாலுதான் வரும்; அச்சுக்கு வந்திருப்பதோ அதே பழைய முப்பத்தேழு. பாயின் அளவோ துளியும் குறையவில்லை. எடைக்கு மீறிய பாய் வேகத்தைக் கூட்டும். அடியில் கனமும் இல்லாவிட்டால் பலத்த காற்றில் படகைக் கவிழ்த்துவிடும். கீழே பெரிய எழுத்தில், 'குழந்தைகளோடு அச்சமின்றிச் செல்லலாம்'.

கம்பெனியின் விற்பனை மேலாளர் ராஜபாண்டியனுக்குப் போன் போட்டாள். ஈயத்தைக் குறைத்தது உண்மைதான், பழைய எண்ணே இருக்கட்டும் என்றார் அவர். அவள் விடாமல் கேட்கவும் சிரித்தார்.

"உங்க ஊர்ல குடிக்கவே தண்ணி கிடையாது. படகப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா மேடம்?"

காளிராஜும் பெரிய ஆர்டர் என்று அப்படியே அச்சுக்குப் பிளேட் போடச் சொல்லிவிட்டார். ஹாதியா அவர் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, மருந்தக் கூட்டிட்டு லேபிள்ல பழைய எடையவே போடுங்கன்னு பட்டாசுக்காரக சொன்னா அடிச்சுக் குடுப்பீகளா?"

"அது வேற, இது வேற."

"ரெண்டுலயும் சாகப் போறது விவரம் தெரியாதவகதான்."

காளிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இஷ்டமில்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் போகவில்லை. வாசலுக்கு வந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பெயர் போட்டிருந்த வடிவமைப்பாளர் சீனிவாசகத்தின் எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினாள். ஈயத்தில் கை வைத்தது அவருக்குத் தெரியவே தெரியாது. எடைகளை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கம்பெனிக்கும், நடந்ததைச் சொல்லித் துறைமுக அதிகாரிகளுக்கும் அன்றைக்கே எழுதிப்போட்டார்.

ஆர்டர் நின்றது. காளிராஜ் ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஈயம் குறைத்து விற்றிருந்த நான்கு படகுகளையும் அதிகாரிகள் கரையேற்றி வைத்த பிறகு, ராஜபாண்டியன் அச்சகத்துக்குப் போன் செய்து அவளைக் கேட்டார். ஒரு சின்ன எண்ணுக்காகக் கம்பெனி பேரையே கெடுத்துவிட்டதாகப் பொருமினார்.

"அந்தப் படகுல உங்க பிள்ளைகள ஏத்துனீகளா?" என்று ஹாதியா கேட்டாள்.

 அவர் லைனைத் துண்டித்துவிட்டார். ரிசீவரை அவள் வைத்த வேகத்தில் மெஷினடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மன்னிப்பென்று ஒரு வார்த்தை அந்த ஆள் வாயிலிருந்து வரவில்லையே என்ற ஆத்திரத்தோடே அடுத்த ப்ரூஃபை வெடுக்கென்று இழுத்துத் திருத்த உட்கார்ந்தாள்.