ஆணுக்கு இத்தா இல்லை

சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் பஹ்மி கேத்தலை அடுப்பில் வைப்பான். அது கொதிப்பதற்குள் முற்றம் கூட்டி முடித்துவிடுவான். ஆண்பிள்ளை விளக்குமாறு பிடிப்பதைப் பார்த்துப் பக்கத்து வளவுப் பெண்கள் முதல் கிழமை அழுதார்கள், இரண்டாம் மாதம் சிரித்தார்கள், இப்போது பார்ப்பதில்லை. பிளேன்டீ குடிப்பான். சேட்டை அயன் பண்ணுவான். ஏழரைக்குக் கல்முனையிலுள்ள கந்தோருக்குப் புறப்படுவான்.

மனைவி பஸ்மிலா மவுத்தாகி நான்கு மாதமும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தன. அவன் எண்ணவில்லை. கந்தோரில் கூட வேலை செய்யும் ஜவாத் எண்ணியிருந்தான்.

“என்னடாப்பா, புருஷன் மவுத்தானா பொம்புளயள் நாலு மாசமும் பத்து நாளும் ஊட்டுக்குள்ள இத்தா இருக்கிற கணக்கும் முடிஞ்சிட்டு. ஆம்புளக்கி இத்தா இல்ல மச்சான். பொஞ்சாதிட ஊட்டுக்குள்ள இன்னும் என்ன செய்றாய்?”

பஹ்மி சிரித்து வைத்தான். ஆனால் கேள்வி சரியானதுதான். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் பையோடு வந்து ஏறுகிறவன். மூன்று வருடத்துக்கு முன் சாய்ந்தமருதிலிருந்து இரண்டு பைகளோடு மருதமுனைக்கு வந்தான். உம்மாவின் வீடு இப்போது தங்கச்சியுடையது. அவன் கெம்பஸ் சோதனைக்குப் படித்த அறையில் மச்சான் தூங்குகிறார். பஸ்மிலா இருக்கும்வரை ‘எங்கட ஊடு’ என்றுதான் சொல்லி வந்தான். யாருடையது என்று யோசித்ததில்லை. வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் பஸ்மிலாவின் வாப்பா, மாமாவின் பெயரில்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்மிலாவின் உம்மா, மாமி, வழமைபோல இடியப்பம் கொண்டுவந்தார். தட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. கதவடியில் உட்கார்ந்தார்.

“அப்னாவ மாப்புள ஊட்டுக்காரர் வந்து பாத்திட்டுப் போனாங்க.”

“நல்லம் மாமி.” அப்னா பஸ்மிலாவின் தங்கச்சி.

“ஊடு கேக்காங்க. இன்னொண்டு கட்ட மாமாவுக்கு ஏலுமா?”

பஹ்மி இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“நாங்க ஒங்கள எழும்பச் சொல்லல்ல மகன். நீங்க இஞ்ச இருந்தா பஸ்மிலா இருக்கிற மாதிரி எனக்கு.” முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “ஆஸ்பத்திரில ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள அவவக் கொண்டு போகக்குள்ள நீங்கதானே கிட்ட நிண்ட. இந்த ஊட்டப் பத்தி ஏதும் சொன்னாவா? அவர இருக்க உடுங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, வல்லாஹி, இந்தச் சம்மந்தத்த உட்டுருவன்.”

பஹ்மி நிமிர்ந்தான். மாமி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஓம்’ என்றால் போதும். அவரும் அதைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. தள்ளுவண்டியைத் தள்ளியவனுக்கு எதுவும் நினைவிருக்காது. வேறு சாட்சி இல்லை.

“சொன்னா மாமி.”

மாமியின் கை முந்தானையோடு நின்றது.

அன்று விடியற்காலையில் வயிற்றுவலி என்று கொண்டுபோனவள். உள்ளே இரத்தம் கசிகிறது என்றார்கள். தியேட்டர் வாசலில் அவன் சேட்டைப் பிடித்து இழுத்தாள். இரகசியமாக்கும் என்று குனிந்தான். அவள் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல், மாமிக்குச் சொன்னான்:

“இஞ்சேருங்க, தண்ணி மோட்டர நிப்பாட்டிட்டுத்தானே வந்தீங்க?”