ஆடித் திருநாள் வரை பால்தேத்தண்ணி இல்லை

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. விலையேறும் காலத்துக்கு வீட்டை எப்படி ஆயத்தம் செய்வது என்று ஒரு சங்க மலருக்கு ஆலோசனைக் கட்டுரைதான் கேட்டிருந்தார்கள். எழுதினேன்:

சிக்கனத்தின் முதற்படி யாதெனில், இல்லத்தரசிகள்—

தோளுக்கு மேலால் வாசித்த என் மனைவி நசீறா, "சீனிப் போத்தல் எங்க இருக்கெண்டு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். தெரியாது. கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

"தாழ்வுபாட்டுச் செலீனாக்காவைப் பற்றி எழுதுங்கோ. அவ எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லுறன்."

ஆகவே கதை நசீறாவுடையது. பேனையும் சோம்பலும் மட்டும் என்னுடையவை.

2

செலீனா தாழ்வுபாட்டுக் கரையில் கருவாடு காயப்போட்டு விற்பவர். தாராபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் நசீறாவோடு கதைத்துக்கொண்டிருந்து பஸ்ஸைத் தவறவிடுவார். கணவர் அம்புறோஸ் கடற்றொழிலாளி. பால்தேத்தண்ணி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

பால்மா கடைகளில் அகப்படாமல் ஒளித்து விளையாடும் இந்த வருடம், தபசுகாலத்து நாற்பது நாள் விரதத்தில் செலீனா ஒன்றைக் கவனித்தார். வீட்டில் இறைச்சி இல்லை, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வேறு நாளென்றால் அம்புறோஸ் சட்டியை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இல்லை என்றால் சுருங்குகிற முகம், விரதம் என்றால் மலர்கிறது.

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் செலீனா சொன்னார்: "மடு மாதாவின்ர ஆடித் திருநாள் வரைக்கும் வீட்டில இறைச்சியும் வேண்டாம், பால்தேத்தண்ணியும் வேண்டாம்."

மிஞ்சிய காசில், விலை இன்னும் ஏறுமுன் அரிசி வாங்கி ஒளித்து வைத்தார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று பலத்து, படகு கரையில் கிடக்கும் மாதங்களுக்கு. இதற்காக மாதாவையே துணைக்கு இழுத்து ஒரு பொய்—

(நசீறா பேனையைப் பிடுங்கிவிட்டாள். "அவ பொய் சொல்லேல்ல. நேர்த்திக்கடன் எண்ட சொல்லே அவட வாயில வரேல்ல. திருநாளைச் சொன்னவ, அவ்வளவுதான். நேர்த்தி எண்டு நினைச்சது மனுசன்." அம்புறோஸ் அப்படித்தான் நினைப்பார் என்று செலீனாவுக்குத் தெரியாதா என்று கேட்டேன். பேனையை என் கையில் திருப்பித் தந்தாள்.)

3

ஒருவர் என்ன காரணத்துக்காக நேர்த்தி வைத்தார் என்று மற்றவர் கேட்பது அங்கே அழகில்லை. அம்புறோஸும் கேட்கவில்லை, தானே கண்டுபிடித்தார். மாசியில் நடுக்கடலில் படகின் என்ஜின் நின்று, பகல் முழுக்க நீரோட்டத்தில் இழுபட்டுக் கரை சேர்ந்தவர் அவர். தன் உயிருக்காகத்தான் செலீனா வாயைக் கட்டுகிறார் என்று நம்பினார். வெறுந்தேத்தண்ணியை மனமாரக் குடித்தார். (நானும் ஒரு நாள் குடித்துப் பார்த்தேன். அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.)

போன கிழமை, பழைய வலையொன்றைத் தேடிக் கட்டிலுக்குக் கீழே குனிந்தவர் அரிசி மூட்டைகளைக் கண்டார்.

"எல்லாம் நேர்த்திக்குத்தானே சேர்த்து வைச்சனி?" என்றார் அம்புறோஸ். "எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே. மடுவுக்கு நடந்து போற சனத்துக்கு எங்கட வாசலில சோறு குடுப்பம். முழுக்கக் குடுப்பம், செலீனா."

செலீனா வாயைத் திறந்தார். அம்புறோஸ் அழுதுகொண்டிருந்தார். மூடிக்கொண்டார்.

அந்த அரிசி போனால் சோளகம் ஓயும்வரை அவர்கள் வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை.

4

முடிவு ஒன்று: செலீனா உண்மையைச் சொல்கிறார், அம்புறோஸ் விழுந்து விழுந்து சிரி— வெட்டிவிட்டேன். தனக்காக ஒருத்தி நோற்கிறாள் என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர் அப்படிச் சிரிக்கமாட்டார்.

முடிவு இரண்டு: சோறு கொடுக்கிறார்கள், மறுநாளே கடல் அடங்கி வலை நிறைய மீ— சோளகம் என் பேச்சைக் கேட்காது.

முடிவு மூன்று: அம்புறோஸுக்கு எல்லாம் முதலே தெரியும். கதை எழுதுகிறவன் மாட்டிக்கொண்டால் ஓடித் தப்புகிற பின்கதவு இது. நசீறா வாசித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

செலீனா நசீறாவிடம் சொன்ன ஒன்றை நான் இதுவரை எழுதாமல் வைத்திருந்தேன்: "அந்த மனுசன் கரையில பசியோட இருக்கிறதை என்னால பாக்கேலாது எண்டுதான் சேர்த்தனான். அதுவும் அவருக்காகத்தானே, நசீறா?"

இதை அம்புறோஸ் இன்னும் கேட்கவில்லை.

5

இன்று செலீனா சோறாக்கக் கிடாரம் இரவல் கேட்டு வந்திருக்கிறார். எங்களிடம் இரண்டு உண்டு, இரண்டிலும் நோன்புக் கஞ்சி காய்ச்சுவோம். பெரியதில் சமைத்தால் அரிசி முழுவதும் முடியும். சின்னதில் சமைத்தால் நடந்து வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கவளம் கிடைக்கும், வீட்டிலும் மூட்டை மிஞ்சும்.

"எதை எடுக்கிறியள், அக்கா?" என்கிறாள் நசீறா.

செலீனா இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அம்புறோஸ் தோய்த்த சேட்டுப் போட்டு, தள்ளுவண்டிலோடு வாசல் படலையடியில் காத்திருக்கிறார். பெரியதென்றால் தூக்குவதற்கு அவரைக் கூப்பிட வேண்டும். சின்னதென்றால் ஏன் சின்னது என்று சொல்வதற்கு அவரைக் கூப்பிட வேண்டும்.

நசீறா எங்கேயோ பதுக்கி வைத்திருந்த பால்மாவை எடுத்துவர உள்ளே போய்விட்டாள். அப்படியொன்று வீட்டில் இருந்தது எனக்கும் இப்போதுதான் தெரியும்.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிடுகிறார் செலீனா.

அம்புறோஸ் வண்டிலைச் சாத்திவிட்டு வருகிறார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு எழுத வரவில்லை. செலீனாவின் அடுத்த சொல்லை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். கொஞ்சம் பார்த்து, மெதுவாக.