நின்றுபோன கல்யாணத்து ஒயின்

"என் வீட்டு ஒயின்ல சர்க்கரையா? என் முற்றத்துல நின்னுக்கிட்டே சொல்றியா?"

"சொல்றேன். நாக்குல ஒட்டுது. போட்டிருக்கே."

ஒயினுக்குப் பேர்போன ககேதிப் பக்கம் ஒருவரைத் திருடன் என்று திட்டலாம். மறுநாள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒயினில் சர்க்கரை கலந்தான் என்று சொன்னால் மட்டும் பேரப்பிள்ளைகள் காலம் வரை பேச்சுவார்த்தை கிடையாது. சொன்னவர் பெண்ணைப் பெற்ற முர்மான். கேட்டுக் கொதித்தவர் மாப்பிள்ளையைப் பெற்ற ஓத்தியா. கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள்.

லம்சிரா படலருகே நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தெலாவிச் சந்தையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவள். காலையில்தான் ஓத்தியாவிடம் ஒயின் விலை கேட்டிருந்தாள். லிட்டர் எட்டு லரி என்றார். நாலுக்கு மேல் கொடுத்து வாங்கினால் மூட்டை தூக்குகிறவர்கள் யார் குடிப்பார்கள்? மலிவென்று அவள் வாங்கி வைத்திருந்ததையும் யாரும் குடிக்கவில்லை. போன வாரம் ஒருவன் அந்தப் புளிப்பைத் தக்காளித் துண்டுகள்மேல் ஊற்றிக்கொண்டு, "அக்கா, உப்பு மட்டும் குடு" என்றான். அன்றிலிருந்து பாதிப்பேர் எதிர்க்கடையில். திராட்சை அறுவடைக்குள் நல்ல ஒயின் கட்டுபடியாகும் விலையில் கிடைக்காவிட்டால், கடைச் சாவியைக் கட்டட முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஓத்தியா விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனார். மண்வெட்டியை எடுத்தார். கொட்டகைத் தரையில் கழுத்துவரை புதைந்திருந்த பெரிய ஒயின் தாழியின் களிமண் பூச்சைப் பெயர்த்தார். மூடியைத் தூக்கி எறிந்தார்.

"வந்து மோந்து பாருய்யா சம்பந்தி."

அறுநூறு லிட்டர். ஆகஸ்டு வெயில். திறந்த தாழி யாருக்காகவும் காத்திருக்காது, ஒரு வாரத்தில் புளித்துவிடும். அது அங்கே தவழும் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஓத்தியாவுக்குத்தான் கோபத்தில் மறந்துவிட்டது. முர்மான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மகள் எலிசோவைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார். கல்யாணம் நின்றது.

லம்சிரா மனமார வருத்தப்பட்டாள், கார் டிக்கியைத் திறந்து கேன்களை எடுக்கும்வரை. முதலில் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓத்தியாவை விசாரித்தாள். பிறகு ஒரு குவளை கேட்டாள். தேன் நிறம், தொண்டையில் இறங்கிய பிறகும் வாசனை போகவில்லை. முகத்தைச் செத்த மீன் மாதிரி வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"மூணு," என்றாள்.

"காலையில எட்டுன்னேனேம்மா."

"காலையில மூடியிருந்துது, அண்ணே."

மூன்றரைக்குப் படிந்தது. நானூறு லிட்டரைக் கேன்களில் வாய்வரை நிரப்பி இறுக மூடி நாலு நடையாகக் கொண்டுபோனாள். மீதியைத் துக்கம் விசாரிக்க வந்த தெருக்காரர்கள் அதே விலைக்கு வாங்கினார்கள். எல்லார் கையிலும் எப்படியோ ஒரு பாத்திரம் இருந்தது.

நின்றுபோன கல்யாணத்து ஒயின் என்று கேள்விப்பட்டுச் சந்தையே லம்சிரா கடைக்குத் திரும்பியது. நான்காம் நாள், ஆளில்லாத மதிய நேரத்தில், முர்மான் வந்து வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஒரு குவளை. யார் வீட்டுதுன்னு சொல்லாதே."

மூன்று குவளை குடித்தார். வீட்டில் எலிசோ சாப்பிட மாட்டேன் என்கிறாள், மனைவி சமைக்க மாட்டேன் என்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"நீ தினம் ஊத்துறவ. சொல்லு, இதுல சர்க்கரை இருக்கா?"

இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணம் நின்றது நின்றதுதான். கேன்கள் முழுக்க அவளுக்கு. இல்லை என்றால் ஓத்தியா நாளைக்கே வந்து திருப்பிக் கேட்பார். லம்சிரா மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.

"சர்க்கரை போட்டவன் ஊரைக் கூட்டி வச்சுத் தாழியத் திறப்பானா, அண்ணே?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முர்மான் தொப்பியைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்.

மறுநாள் ஓத்தியா வண்டியோடு வந்துவிட்டார். சமாதானம் ஆகிவிட்டது, குறித்த சனிக்கிழமையே கல்யாணம், ஒயினைக் கொடு, கொடுத்த விலையையே தருகிறேன் என்றார். லம்சிரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஒயின் இங்கயே இருக்கட்டும். கல்யாணத்தத் தூக்கிட்டு வாங்க."

அப்படித்தான் நடந்தது. சமையலும் மேசையும் அவளுடையவை. கூலி சம்பந்திகள் இருவரும் கொடுத்தது. முர்மான் நூற்று நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று அந்த ஒயினைப் புகழ்ந்து மூன்று தடவை குவளை உயர்த்தினார். மூன்றாவது தடவை அழுதும்விட்டார். அதில் மனம் குளிர்ந்துபோன ஓத்தியா, அறுவடை தோறும் இரண்டு சின்னத் தாழிகளை நாலு லரி விலைக்கு லம்சிராவுக்கே தருவதாக எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். மறுநாள் காலை அப்படிச் சொன்னதே நினைவில்லை என்று சொல்லிப் பார்த்தார். சாட்சி நூற்று நாற்பது பேர்.

எலிசோவும் மாப்பிள்ளையும் ருஸ்தாவிக்குக் குடிபோனார்கள். அங்கே இரண்டு பேரும் பீர்தான் குடிக்கிறார்களாம், சம்பந்திகளிடம் யாரும் சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரன் குளிர்காலத்துக்குள் கடையை மூடிவிட்டு பத்தூமிக்குப் போய், பல் டாக்டர் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்.