கிளினிக் வாசலில் ஒரு வியாழக்கிழமை

சபை மண்டபத்தின் ஜன்னலை உடைத்துக்கொண்டு செங்கல் உள்ளே விழுந்தபோது நான் அண்டாவில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. "மக்வெரெக்வெரேக்குக் களி கிண்டுற கை அழுகிப் போகட்டும்!" என்று ஒருத்தி சாலையிலிருந்து கத்தினாள். எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவர்களை நகர ஓரத்துக் கறுப்பர் குடியிருப்பான எங்கள் டவுன்ஷிப்பில் அப்படித்தான் ஏசுவார்கள். கத்தியவள் போன மாதம் வரை புதன்கிழமைதோறும் சபையின் இலவசச் சாப்பாட்டுக்கு எங்களிடமே தட்டு நீட்டியவள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம் நடந்தது. இறைச்சிக் கடை வைத்திருக்கும் மூப்பர் மபாண்ட்லா முதலில் எழுந்தார்.

"ஏழைக்குச் சோறு போடுங்க, நான் வேணாங்கல. எலும்பு குடுக்குறதே என் கடைதான். ஆனா அரசியல் பண்ணாதீங்க. நம்ம ஜனமே வேலை இல்லாம கெடக்கு. அடுத்த நாட்டுக்காரனைக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பரிமாறினா செங்கல் வராம பூவா வரும்?"

பலர் ஆமென் என்றார்கள். பெண்கள் ஜெப சங்கத் தலைவி தோசாமா எழுந்தாள். ரயில்வே அலுவலகத்தில் முப்பது வருடம் தரை துடைத்து ஓய்வு பெற்றவள். குரலை உயர்த்தியே பேச மாட்டாள்.

"மூப்பரே, அந்நியனை ஒடுக்காதேன்னு வேதத்துல எத்தனை எடத்துல சொல்லியிருக்கு?"

"எனக்கு வேதம் சொல்லித் தராதே. உன் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடு."

எல்லாரும் தோசாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தோசாமாவின் மகன் ஸோலிலேதான் கிளினிக் வாசலில் ஒலிபெருக்கியோடு நின்றுகொண்டிருந்தான். அவனும் அவன் ஆட்களும் ஒரு மாதமாக அங்கே நின்று, உள்ளே போகிறவர்களிடம் இந்த நாட்டு அடையாள அட்டை கேட்டார்கள். அட்டை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். காவலாளி வேடிக்கை பார்த்தான். போலீஸ் வண்டி வரும், ஜன்னலை இறக்கிச் சிரித்துப் பேசும், போய்விடும்.

எங்கள் இளம் போதகர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஜெபிப்போம்" என்று கூட்டத்தை முடித்தார்.

அடுத்த புதன்கிழமை ருவிம்போ வந்தாள். ஜிம்பாப்வேக்காரி, பேருந்து நிலையத்தருகே முடி பின்னிப் பிழைக்கிறவள், எட்டு மாத கர்ப்பிணி. தட்டை வாங்கியவள் சாப்பிடவில்லை. முகம் உப்பியிருந்தது. பாதம் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள்.

"தலை வெடிக்குதுக்கா. கண்ணு முன்னால மின்மினி மாதிரி என்னமோ பறக்குது" என்றாள். கிளினிக் வாசலில் அவளை இரண்டு முறை துரத்தியிருந்தார்கள். இரண்டாம் முறை ஒருவன் அவள் வயிற்றைப் பார்த்து, "இன்னொண்ணா?" என்று கேட்டுத் துப்பினானாம்.

பெரிய ஆஸ்பத்திரி தூரம். எந்த டாக்ஸிக்காரனும் அவளை ஏற்றத் தயாராக இல்லை. தோசாமா அவளை அன்றிரவு என் வீட்டில் படுக்க வைத்தாள். தன் வீட்டில் ஸோலிலே இருந்தான்.

மறுநாள் வியாழன், பெண்கள் ஜெப நாள். சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி. அந்தச் சட்டையை நாங்களாகப் போட்டுக்கொள்ள முடியாது. பல மாதம் சோதித்து, பீடத்தின் முன் முழங்காலிட வைத்து, மற்றப் பெண்கள் போட்டுவிடுவார்கள். செத்தால் அதோடுதான் புதைப்பார்கள். அன்று காலை தோசாமா என் அறையில் தன் சட்டையையும் தொப்பியையும் கழற்றி ருவிம்போவுக்குப் போட்டுவிட்டாள். வயிற்றில் பொத்தான் பூட்ட முடியவில்லை. மேலே ஒரு சால்வையைச் சுற்றினாள்.

"அக்கா, இது தெரிஞ்சா உன்னை உரிச்சிடுவாங்க" என்றேன்.

"சட்டையைத்தானே உரிச்சாச்சு. நட."

மற்ற பெண்களிடம் அவள் அதிகம் பேசவில்லை. இன்று கிளினிக்குக்கு நடந்துகொண்டே ஜெபம், அட்டை யாரும் எடுத்துவர வேண்டாம், வாசலில் யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்றாள். நான்கைந்து பேர் தலைவலி, வீட்டில் வேலை என்று நழுவினார்கள். மீதிப் பேர் நடந்தோம். ருவிம்போவை நடுவில் விட்டோம்.

வாசலில் ஸோலிலே எங்களைப் பார்த்ததும் முதலில் சிரித்தான். "வாங்க தாய்மார்களே! அட்டையைக் காட்டிட்டு ஒவ்வொருத்தரா போங்க."

யாரும் அசையவில்லை.

"அட்டை?"

பிறகுதான் அவன் தன் தாயைப் பார்த்தான். வியாழக்கிழமையில் பூப்போட்ட சாதாரண உடுப்பில் நிற்கும் தாயை. ஒலிபெருக்கியை இறக்கினான்.

"உன் சட்டை எங்கம்மா?"

அவன் கண் எங்கள் வரிசை மேல் ஒவ்வொரு முகமாக ஊர்ந்தது. "உள்ள ஒருத்தி இருக்கா" என்று தன் ஆட்களிடம் சொன்னான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தன் முழங்கையைத் தட்டிக் காட்டினான். "இதுக்கு நம்ம பாஷையில என்ன பேர்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நாக்கு காட்டிக் குடுத்துடும்."

எங்களில் மூத்தவள் நொதெம்பா, எண்பதை நெருங்கியவள், குடையை ஓங்கி அவன் முழங்கையிலேயே ஒன்று போட்டாள். "நீ பொறந்தப்ப உன் தொப்புள்கொடியைக் கட்டினவ நான். எனக்கா பாஷை சொல்லித் தர்றே?"

கிளினிக் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேறு சிலர் எங்களைத்தான் திட்டினார்கள். "விடிஞ்சதுல இருந்து நிக்கிறோம்! ஜெபக்காரிங்க வந்து மறிக்கிறீங்களே!"

"கேட்டியாம்மா?" ஸோலிலேயின் குரல் உடைந்தது. "இவங்க நிக்கிறது தெரியலையா? என் மவ மூச்சு முட்டிக் கெடந்தப்ப இதே வாசல்ல மருந்து இல்லன்னு அனுப்பினாங்களே, அப்ப உன் சங்கம் எங்க போச்சு? நான் வேலை செஞ்ச கண்ணாடி ஃபேக்டரியை மூடினப்ப எனக்காக ஒரு வியாழக்கிழமை நடந்தீங்களா?"

தோசாமா முகம் சுருங்கியது. "நடக்கல. நடந்திருக்கணும். ஆனா மருந்தை இவளா தின்னா? மருந்து குடுக்காதவங்க ஆபீஸ் இந்தத் தெருவுல இல்ல, ஸோலிலே. அங்க நிக்க உங்களுக்குத் தைரியம் இல்ல. வயித்துக்காரி முன்னால நிக்கிறீங்க."

"உள்ள போனே, நான் உனக்கு மவன் இல்ல."

"சரி" என்றாள் தோசாமா. நடந்தாள்.

அவன் ஆட்களில் ஒருவன் குறுக்கே பாய்ந்தான். தள்ளியது யாரை என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நொதெம்பா இரும்புக் கதவில் மோதிக் கீழே விழுந்தாள். தொப்பி உருண்டது. நரைமயிருக்குள்ளிருந்து ரத்தம் காலரில் வடிந்தது. அதுவரை சுவரில் சாய்ந்திருந்த காவலாளி பதறிக் கதவைத் திறந்தான். நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரே தள்ளாக உள்ளே போனோம். ஸோலிலே பாய்ந்து ருவிம்போவின் தோளைப் பிடித்தான். தாயின் சட்டை அவன் கையில் தோள்பட்டையோடு கிழிந்தது. அவள் நழுவி உள்ளே வந்துவிட்டாள். அவன் சிவப்புத் துணியோடு வாசலில் நின்றான்.

உள்ளே இருந்த நர்ஸ் எங்களை வரவேற்கவில்லை. "சினிமா ஷூட்டிங்கா நடத்துறீங்க? எனக்கு ரெண்டு கட்டில்தான் இருக்கு. ஊரையே கூட்டிட்டு வந்தா நான் எங்க போடுவேன்?" என்று சீறிக்கொண்டே ருவிம்போவின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டினாள். எண்ணைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். மறுபடி அளந்தாள். "இவளை முதல்லயே ஏன் கொண்டு வரல?" என்று எங்கள் மேல் பாய்ந்துவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்ய ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண். தாயும் பிழைத்தாள். பிறகு ருவிம்போ வேறு ஊரில் இருந்த தன் தங்கையிடம் போய்விட்டாள். இந்த மண்ணை மறுபடி மிதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கு அவளை யார் குறை சொல்ல முடியும்?

நொதெம்பாவுக்கு ஏழு தையல். சபைக்கு அது பெரிதாகப் படவில்லை, சட்டைதான் பெரிதாகப் பட்டது. ஞானஸ்நானமும் பெறாத, உறுப்பினரும் அல்லாத ஒருத்தி பரிசுத்த உடையை அணிந்தாள், அது தெருவில் கிழிந்தது என்று மபாண்ட்லா குற்றம் சாட்டினார். போதகர் தலையைக் குனிந்துகொண்டே தீர்ப்பு வாசித்தார். தோசாமா ஒரு வருடம் சட்டை போடக்கூடாது, தலைவி பதவியும் இல்லை. இறைச்சிக் கடையிலிருந்து எலும்பு வருவதும் நின்றது. நாங்கள் எலும்பில்லாமல் குழம்பு வைத்தோம்.

தோசாமா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வியாழன் வந்தால் பூப்போட்ட உடுப்போடு கிளினிக்குக்கு நடந்தாள். கூட நடக்கிறவர்கள் சில வாரம் பத்துப் பேர், சில வாரம் நானும் அவளும் மட்டும். வாசலில் எங்கள் மேல் அழுகிய தக்காளி விழுந்தது. சில நாள் ஒருத்தியை உள்ளே கொண்டு சேர்த்தோம். சில நாள் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் நான் அவள் வீட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, அந்த வியாழனுக்குப் பிறகு வீட்டுக்கே வராத ஸோலிலே ஒரு பிக்கப் வண்டியோடு வந்தான். என்னைப் பார்க்கவே இல்லை.

"கட்டிலை எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துக்கோ. நீ வாங்கினதுதானே."

"வர்ற வியாழனும் வருவியா?"

"வருவேன்."

"நானும் நிப்பேன்."

"நில்லு."

அவன் கட்டிலை ஒற்றையாகத் தூக்கிப் பார்த்தான். வாசற்படியில் சிக்கிக்கொண்டது. இழுத்தான், முட்டினான், கெட்ட வார்த்தை சொன்னான். தோசாமா கையைத் துடைத்துக்கொண்டு போய் மறுமுனையைப் பிடித்தாள். "சாய்ச்சுப் புடி. கால் பக்கம் முதல்ல வரட்டும். உன் பக்கம் இறக்கு, இன்னும்."

இரண்டு பேரும் பேசாமல் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அவன் கயிறு கட்டினான். அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். வண்டி புறப்பட்டதும் அவள் உள்ளே வந்து, கட்டில் இருந்த இடத்துத் தூசியைப் பெருக்கத் தொடங்கினாள்.