படத்தில் சேர்த்த கூடை

பன்னிரண்டு நாளாக ஓவியர் லெயோன்ஸ் சலவைக் கடையின் மூலையில் நின்று வரைந்துகொண்டிருந்தார். இன்று படம் முடிந்து, காய்வதற்காகச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தபோதுதான் அங்கே இஸ்திரி போடும் ஸெலி அதில் தன்னைப் பார்த்தாள். வேர்வையில் ஒட்டிய முடி, கஞ்சி பட்டு வெடித்த விரல்கள், இஸ்திரி மேசைமேல் சரிந்த தோள். பத்தின்யோல் தெருவின் மங்கிய வெளிச்சம்கூட நீராவியோடு கலந்து நீலமாக வந்திருந்தது. பிறகு அவள் கண் படத்திலிருந்தவளின் இடுப்புக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

ஏப்ரனை அவள் தினமும் இறுக்கித்தான் கட்டுகிறாள். பக்கத்து மேசைக்காரிக்குத் தெரியாது. வசந்தத்தில் அவளை விட்டு லியோன் நகருக்கு ரயில் ஏறிப் போனவனுக்கும் தெரியாது.

“ஐயா, உங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“எத?”

“என் வயித்த.”

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காது சிவந்துபோனது. “சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. வெளிச்சம் விழுந்த மாதிரியே வரைஞ்சேன், அவ்வளவுதான்.”

“கடைக்கார மதாம் பாத்தா இன்னைக்கே வெளிய போன்னுடுவாங்க. போன வருஷம் முழுகாம இருந்த ஒருத்திய அப்படித்தான் அனுப்புனாங்க. அழிச்சிடுங்க.”

மூன்று வருடமாக அரசுக் கண்காட்சியின் தேர்வுக் குழு அவர் படங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த முறை நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து தங்கள் படங்களை மாட்டத் தாங்களே ஒரு கூடம் பிடித்திருந்தார்கள். நாளை வண்டி வரும். கொண்டுபோக இந்தப் படம் ஒன்றுதான் தேறும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

“கண்ணால பாத்தத மாத்துனா, நான் எதுக்கு வரையணும்?”

“நீங்க படத்தத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. இங்க நிக்கப்போறது நான்தான?”

லெயோன்ஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். தெருமுனை வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். கடைசியில் வண்ணம் சுரண்டும் கத்தியை எடுத்து அந்த இடுப்பைச் சுரண்டினார். அங்கே ஒரு துணிக்கூடை முளைத்தது. அதிலிருந்த துணியின் வெள்ளைக்குள் ஊதாவும் ரோஜாவுமாக, யார்மீதோ கோபம்போல, அப்பித் தள்ளினார்.

கடைக்காரி மதாம் கூர்த்தான் மாடியிலிருந்து இறங்கி வந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். ஸெலி சூடான இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒரு சட்டைமேல் வைத்தாள்.

“என் கடைத் துணி ஊதாவாவா இருக்கு? வெளுக்கத் தெரியாதவன்னு ஊரு சிரிக்கப்போவுது.”

ஸெலிக்கு மூச்சு வந்தது. ஆனால் மதாம் நகரவில்லை. படத்தின் கிட்டே போய்க் குனிந்தாள்.

“ஏன்டி, துணிக்கூடையப் போயி யாராவது இப்படிப் புடிப்பாங்களா?”

படத்திலிருந்தவளின் இடது கையை லெயோன்ஸ் மாற்றியிருக்கவில்லை. தூங்குகிற எதையோ எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல அது கூடையின் விளிம்பில் படிந்திருந்தது.

மதாமின் பார்வை படத்தை விட்டு மெல்ல ஸெலியிடம் வந்தது, ஏப்ரனுக்கு இறங்கியது, அதன்மேல் கிடந்த இடது கையில் நின்றது. சட்டையின் மார்பில் நின்றுபோன பெட்டியைச் சுற்றிப் பழுப்பு படர்ந்தது. கருகல் வாசனை மூன்று பேருக்கும் எட்டியது. யாரும் அதைத் தூக்கவில்லை.