தெத்திஸின் ஒப்பாரி

"உயிரோட இருக்கிற புள்ளைக்கு எந்த ஆத்தாளாச்சும் ஒப்பாரி..."

"நீ வெக்கல? எனக்கு நீ வெக்கல?"

"கத்தாத. பக்கத்துத் தோப்புல ஆளு இருக்கு."

"இருக்கட்டும். செத்தவ கத்துறது யாரு காதுல விழப்போவுது?"

ரத்தினம்மாள் நிமிரவில்லை. உதிர்ந்து கிடந்த முந்திரிப் பழங்களைப் பொறுக்கி, கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். கைப்பையோடு எதிரில் நின்றது அவள் மகள் தேவயானி. நாலு வருடம் முன்பு வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். போன மறுநாளே அவள் அப்பா வைரக்கண்ணு மொட்டை போட்டுக்கொண்டார். ஆண்டிமடம் பஸ் ஸ்டாப்பில் மகள் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார். வாசலில் பந்தல் போட்டுப் பெண்களை அழவைத்தார். அந்த அழுகையை எடுத்துக்கொடுத்தவள் ரத்தினம்மாள். அந்தப் பக்கத்துச் சாவு வீடுகளில் அவள் குரல் எழுந்தால்தான் மற்றவர்கள் சேர்வார்கள்.

தேவயானி இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் நடத்துகிறாள். மாணவிகளை வைத்துக் கிரேக்கத்துக் கடல் தேவதைகளின் கதையை நாடகமாகப் போடுகிறாள். அதில் ஒரு ஒப்பாரி வருகிறது. அதை அம்மா வந்து பாட வேண்டும் என்று கேட்கத்தான் வந்தாள்.

"கடல் சாமின்னா சாவே கெடையாதுங்கிற. அப்பறம் எதுக்கு அழுவுறா அவ?"

"தெத்திஸுக்குச் சாவு இல்ல. அவ புள்ளை அக்கிலீசுக்கு உண்டு. அவளை ஒரு மனுசனுக்குக் கட்டிவெச்சிட்டாங்க. நெருப்பா மாறிப் பாத்தா, தண்ணியா, பாம்பா மாறிப் பாத்தா. அவன் புடிச்ச புடியை விடல."

"கட்டிவெச்சது யாரு?"

"மத்த சாமிங்கதான்."

"அங்கயும் சாமிங்களுக்கு இதான் பொழப்பா?"

தேவயானிக்குச் சிரிப்பு வந்தது. அதுவே கோபத்தைக் கூட்டியது.

"புள்ளை சண்டைக்குப் போவப் போறான், சாவப் போறான்னு அவளுக்குத் தெரியும். கடலுக்கு அடியில உக்காந்து அழுவுறா. நெரெயிடுங்க, அவகூடப் பொறந்த பொண்ணுங்க, அத்தனை பேரும் சுத்தி உக்காந்து மாருல அடிச்சுக்கிறாங்க. அவனோ கூட்டாளி செத்த துக்கத்துல அழுதுகிட்டு, கரையில உயிரோடதான் கெடக்கான்."

"அதான் சொல்றேன். உயிரோட இருக்கிறவன் பேரைச் சொல்லி அழுதா அவன் ஆயுசு கொறஞ்சிரும். வேற கதை போடு."

"அழுதுட்டு என்ன பண்ணினா தெரியுமா? எந்திரிச்சா. கடலைப் பொளந்துகிட்டுக் கரைக்கு வந்தா. புள்ளை தலையைக் கையில ஏந்தி, ஏன்டா அழுவுறன்னு கேட்டா. நீ வந்தியாம்மா? ஆண்டிமடத்துக்கும் பெரம்பலூருக்கும் நடுவுல எந்தக் கடல் இருக்கு? பஸ்தானே ஓடுது?"

ரத்தினம்மாள் கையிலிருந்த பழத்தைக் கூடையில் வீசினாள்.

"உன் பேரை நான் சொல்லலடி."

"என்ன?"

"அந்தப் பந்தல்ல உன் பேரு என் வாயில வரல. செத்துப்போன எங்காத்தா பேரைச் சொல்லித்தான் மாருல அடிச்சுக்கிட்டேன். அழுவலன்னா உங்கப்பன் வுட மாட்டாரு. அழுதா உனக்கு ஆவாது. பின்ன என்ன செய்யச் சொல்ற? என் பக்கத்துல உக்காந்து அழுத கொளஞ்சியம்மாளுக்குத் தெரியும். சுத்தி உக்காந்த அத்தனை பொம்பளைக்கும் தெரியும். எல்லாரும் எங்காத்தாளுக்குத்தான் அழுதாளுவ. அழுவுற சத்தத்துல உங்கப்பனுக்குப் பேரு வெளங்கல, ஒருத்தியும் மூச்சு வுடல."

தேவயானியின் குரல் முன்னைவிடக் கடுமையாக இருந்தது.

"ஊருப் பொம்பளைங்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு?"

"எப்படிச் சொல்றது? போனு அவருகிட்ட இருக்கு..."

"காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தேன். பெத்தவளே மாருல அடிச்சு அழுதாளே, அதான் நமக்கு இப்படின்னு நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீ கமுக்கமா என்னைக் காப்பாத்திட்டு, இங்க கொட்டை திருகிக்கிட்டு இருந்திருக்க. யாருக்கு வேணும் இது?"

"நான் என்ன உன் கடல் சாமியா? எந்திரிச்சு வந்துட்டா, திரும்பி எந்த வூட்டுக்குப் போறது?"

"என் வூட்டுக்கு வா."

"பேசுறது சுளுவு..."

டிவிஎஸ் வண்டியின் சத்தம் வேலியோரம் வந்து நின்றது. வைரக்கண்ணு காலிச் சாக்கோடு இறங்கி வந்தார். மனைவியைப் பார்த்தார். மகள் நின்ற இடத்தை, அங்கே ஒரு மரம்கூட இல்லாததுபோலத் தாண்டிப் பார்த்தார். அந்தப் பந்தல் நாளிலிருந்து வீட்டில் யாரும் அவள் பெயரை எடுக்கக் கூடாது. எதிரில் வந்தாலும் கண்ணில் படக் கூடாது.

"யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்த?" என்றார் மனைவியிடம்.

ரத்தினம்மாள் கூடையின் விளிம்பைப் பிடித்தாள். தேவயானி ஓரடிகூட நகரவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை.

"கேக்குறாருல்ல. சொல்லும்மா, யாருகிட்ட பேசிக்கிட்டு இருந்த?"